வியாழக்கிழமைத் தண்ணீர்

சோஹாரில் ஆகஸ்ட்.
இரவு இரண்டே காலுக்கும்
கண்ணாடி வெளிப்பக்கமாக வியர்க்கிறது.

தொட்டிப் பக்கமிருந்து தாத் முகம்மது கூப்பிடுகிறான்:
மூன்றாம் தொட்டி வழிகிறது,
என் செருப்பு நனைந்துவிட்டது,
உன் திரை மட்டும்
நான்கு புள்ளி இரண்டு மீட்டர் என்று
சாதிக்கிறது.

வியாழன் இரவு பத்து மணிக்குக்
கம்பைலரை மாற்றினோம்.
வேறொன்றும் செய்யவில்லை.
கடல்நீரைக் குடிநீராக்கும் இந்த ஆலைக்கு
முதல் நாளிலிருந்து மூளையாக இருக்கும் சி நிரல்,
அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.
எழுதியவர் இரண்டு இனிஷியலாக மிஞ்சியிருக்கிறார்:
ஆர்.கே., நவம்பர் தொண்ணூற்றேழு,
‘இது ஏன் ஓடுகிறது என்று கேட்காதே.’

கேட்காமலே இருந்தோம்.

மேம்படுத்தலை அணைத்தால் ஒழுங்காகச் சொல்கிறது.
இரண்டாம் நிலைக்கு ஏற்றினால் உறைந்துபோகிறது.
உள்ளே என்னதான் நடக்கிறதென்று பார்க்க
ஒரு பிரிண்ட்எஃப் வைத்தேன்:
எண் அசைந்தது.
எடுத்தேன்: மறுபடி உறைந்தது.
சூப்பர்வைசர் காலடி கேட்டால் மட்டும்
நிமிர்ந்து உட்காரும் காவலாளி மாதிரி.

மூன்று மணிக்கு அசெம்பிளியைத் திறந்தேன்.
அங்கே கிடந்தது, கூச்சமே இல்லாமல்.
சுழலுக்கு வெளியே
ஒரே ஒரு முறை படிக்கிறது.
உள்ளே எழுதிக்கொண்டே இருக்கிறது.

ஆர்.கே. நினைத்தது வேறு.
உணரி அனுப்பும் இரண்டு துண்டுகளை
ஷார்ட் சுட்டியால் உள்ளே வை,
அதே நான்கு பைட்டை
ஃபுளோட் சுட்டியால் வெளியே எடு.
கதவு ஒன்று, சாவி இரண்டு.

கம்பைலருக்கு அது தெரியாது.
ஷார்ட் வேறு ஜாதி, ஃபுளோட் வேறு ஜாதி,
ஒரே இடத்தில் கை வைக்க மாட்டார்கள்;
அப்படித்தான் மொழியின் விதியில் எழுதியிருக்கிறது.
அவன் எழுதியதால் இவன் மதிப்பு மாறாது,
பிறகு எதற்கு ஒவ்வொரு சுற்றிலும் போய்ப் பார்ப்பது?
ரெஜிஸ்டரில் மடித்து வைத்துக்கொண்டது.
தொட்டியில் வெள்ளிக்கிழமை வழிய
திரையில் இன்னும்
வியாழக்கிழமைத் தண்ணீர்.

அதன் மேல் கோபப்பட முடியவில்லை.

என் பாஸ்போர்ட்டில்
குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.
கேட்டில் மிஸ்டர் வானமாமலை என்று கூப்பிட்டு
மீசை வைத்த ஒருவரைத் தேடி
என்னைத் தாண்டிப் பார்க்கிறார்கள்.
வள்ளியூர் தாண்டினாலே பஸ்ஸில் தலைசுற்றும் மனிதர்,
சம்பளப் பட்டியலின்படி
ஆறு வருஷமாக ஓமானில் வேலை பார்க்கிறார்.

மார்ச்சில் ஆள்குறைப்புக்கென்று
ஒரு புது மென்பொருள் வந்தது.
செண்பகவல்லி ஒரு வரி.
வானமாமலை ஒரு வரி.
இரண்டு பேர் என்று முடிவு செய்து
அதிகம் தென்படாத ஒருவரை நீக்கியது.
இரண்டு நாள் என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.
வெயிலில் நின்றேன்,
கையில் இரண்டு பெயரும்
உள்ளே போக ஒரே ஓர் உடம்புமாக.

மூன்றே முக்காலுக்கு
கட்டளை வரியில் ஒரு கொடி சேர்த்தேன்:
வகையை நம்பாதே,
எந்தச் சுட்டியும் எதையும் தொட்டிருக்கலாம்.
நிரல் கொஞ்சம் மெதுவானது.
எண் ஐந்து புள்ளி ஒன்பதுக்குத் தாவியது.
வால்வு மூடியது. போனில்
தாத் முகம்மது செருப்பை உதறுவது கேட்டது.

இது மருந்தில்லை, தெரியும்.
தேடிப் பார்த்ததில் இருநூற்றுப் பதினான்கு இடம்.
ஒவ்வொன்றிலும் மெம்காப்பி போட்டு
நான்கு பைட்டையும் நேர்மையாக நகலெடுக்க வேண்டும்.
பதினொன்றாவதில் விடிந்துவிட்டது.

ஆர்.கே.யின் வரியை அழிக்கக் கை வரவில்லை.
அதன் கீழே எழுதினேன்:
‘கேட்டேன். இரண்டும் ஒரே இடம்.
வா. செண்பகவல்லி.’

புள்ளிக்கு இந்தப் பக்கம் அவர்,
அந்தப் பக்கம் நான்.
எங்கள் ஊரில் எந்தக் குமாஸ்தாவும்
இதை இரண்டு பேர் என்று படித்ததில்லை.

கேட்டில் அட்டையை வைத்தேன்.
குட் மார்னிங் மிஸ்டர், என்றது பலகை.
பச்சை.